மனநல வார்டில் மூன்றாவது நாற்காலி

வாசகர் கேள்வி: நான் மனநல மருத்துவத்தில் எம்.டி. முடித்து, ஒரு மருத்துவக் கல்லூரியில் ஐந்து ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராகப் பணியாற்றுகிறேன். சென்ற மாதம் முதல் ஆண்கள் உள்நோயாளர் வார்டும் அங்கே பணிபுரியும் ஆறு பட்டமேற்படிப்பு மாணவர்களும் என் பொறுப்பில் இருக்கிறார்கள். 32 படுக்கைகள், ஒன்றரை மணி நேரத்தில் ரவுண்ட்ஸை முடித்துவிட்டு ஓ.பி.க்கு ஓட வேண்டும். மாணவர்கள் கெட்டிக்காரர்கள், மருந்தளவுகள் எல்லாம் நுனிநாக்கில் நிற்கின்றன. ஆனால் நோயாளியோடு உட்கார்ந்து பேசத் தெரியவில்லை என்று தோன்றுகிறது. எல்லாக் கேஸ் ஷீட்டும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கிறது. போன வாரம் முதலாண்டு மாணவர் ஒருவரை ஒரு நோயாளி கன்னத்தில் அறைந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் அந்தக் கட்டில் பக்கமே போவதில்லை. கூடுதலாக வகுப்பெடுப்பதா, ரவுண்ட்ஸை மாற்றுவதா, எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத மருத்துவர்

பதில்:

அன்புள்ள மருத்துவருக்கு,

‘பேசத் தெரியவில்லை என்று தோன்றுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நான் சற்று நின்றுவிட்டேன். மாணவர்கள் நோயாளியோடு பேசுவதை நீங்கள் முழுதாகப் பார்த்ததில்லை என்பதால்தான் உங்களால் ‘தோன்றுகிறது’ என்பதற்கு மேல் எழுத முடியவில்லை என்று நினைக்கிறேன். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நம் துறையில் பெரும்பாலானோர் நிலை இதுதான். நான் எம்.டி. படித்த மூன்று ஆண்டுகளில், ஒரு நோயாளியை நான் முதலிலிருந்து கடைசி வரை விசாரிப்பதை ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. இறுதித் தேர்விலும் தனியாக ஒரு மூலையில் நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து, தேர்வாளர்கள் முன் ஒப்பித்தேன். அறுவை சிகிச்சைத் துறையில் மாணவர் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு, முடிந்ததும் எப்படிப் போயிற்று என்று வந்து சொல்லும்படி ஆசிரியர் வெளியே காத்திருப்பதில்லை. நமக்குப் பேச்சுத்தான் கத்தி. அதை மாணவர் எப்படிப் பிடிக்கிறார், எங்கே வைக்கிறார் என்று பார்க்காமலே மூன்று ஆண்டுகளை ஓட்டிவிட்டுச் சான்றிதழும் கொடுத்துவிடுகிறோம்.

ஆகவே வகுப்புகளைக் கூட்ட வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்றாவது நாற்காலி ஒன்றைப் போடுங்கள்; அது உங்களுக்கு. வாரத்தில் ஒரு பிற்பகல், ஒரு மாணவர், புதிதாகச் சேர்ந்த ஒரு நோயாளி, நாற்பது நிமிடம். ஆறு பேர் என்றால் ஆறு வாரத்தில் ஒரு சுற்று வந்துவிடும். நீங்கள் யார், எதற்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதை நோயாளியிடம் சொல்லி அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு வாயைத் திறக்காதீர்கள். இதுதான் மிகவும் கடினம். எனக்கு அது கைவர இரண்டு ஆண்டுகள் ஆயின. மாணவர் முக்கியமான ஓர் இழையைக் கைவிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவும்போது நாக்கு துறுதுறுக்கும். அந்த நேரத்தில் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாணவர் கேட்ட சொற்களையும் நோயாளி சொன்ன சொற்களையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினால் போதும், உங்கள் கருத்து அதில் வேண்டியதில்லை.

அப்படி நான் எழுதிவைத்த ஒன்றைச் சொல்கிறேன். மாணவர் கேட்டார்: “காதுல குரல் ஏதாவது கேக்குதா?” நோயாளி சொன்னார்: “இல்ல.” கேஸ் ஷீட்டில் ‘மாயக்குரல் இல்லை’ என்று பதிவாயிற்று. மறுநாள் அதே நோயாளியிடம் இன்னொரு மாணவர், தூக்கம் எப்படி என்பதில் தொடங்கி, ராத்திரி விழித்திருக்கும்போது என்ன செய்வார் என்று விசாரித்து, பிறகு கேட்டார்: “தனியா இருக்கும்போது யாரோ பேசுற மாதிரி இருக்குமா?” அவர் சற்று எரிச்சலோடு சொன்னார்: “பேசுற மாதிரியெல்லாம் இல்ல டாக்டர். பேசுறாங்க.” முதல் நாள் அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டது ‘குரல்’ அல்ல, பக்கத்து வீட்டு ஆட்கள். குரல் கேட்கிறதா என்ற கேள்வி பாடப்புத்தகத்திலிருந்து வந்தது. அந்த மனிதரின் இரவிலிருந்து வரவில்லை. இந்த வேறுபாட்டை இருபது வகுப்பெடுத்தாலும் புரியவைக்க முடியாது. குறிப்பேட்டைத் திறந்து இரண்டு வரிகளையும் அடுத்தடுத்துப் படித்துக் காட்டியதும் அந்த முதல் மாணவருக்குப் புரிந்துவிட்டது.

பார்த்து முடித்தபின், தனியறையில் பதினைந்து நிமிடம். முதலில் மாணவர் பேசட்டும்: எங்கே இலகுவாகப் போயிற்று, எங்கே முட்டிக்கொண்டது, எந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கினார். அதன்பின் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். ஏழு பிழைகள் கண்ணில் பட்டிருந்தாலும் ஒன்றுதான். மீதி ஆறும் அடுத்த சுற்றுக்கு. இரண்டாவது சுற்றில் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்: நீங்கள் பேசுங்கள், மாணவர் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுதட்டும். உங்கள் தடுமாற்றமும் அந்தக் குறிப்பேட்டில் ஏறும். ஆசிரியருக்கும் ஒரு நோயாளி பிடிகொடுக்காமல் போகிறார் என்பதைப் பார்த்த மாணவருக்குத் தன் தோல்வியைச் சொல்லும் துணிவு வந்துவிடும்.

எல்லாக் கேஸ் ஷீட்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். பரிசோதனைப் படிவமே அப்படித் தூண்டுகிறது. நாற்பதிலிருந்து மூன்று மூன்றாகக் கழிக்கச் சொல்வது, பழமொழிக்குப் பொருள் கேட்பது எல்லாம் எதை அளக்கின்றன என்று யோசிக்காமலே கைமாறி வந்துகொண்டிருக்கின்றன. ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பதற்குப் பொருள் சொல்லாத இருபது வயதுப் பையனுக்கு நுண்பொருள் சிந்தனை குறைந்திருப்பதாக ஒரு மாணவர் எழுதியிருந்தார். மிக்ஸி ஓடும் வீட்டில் பிறந்து ஆங்கிலவழிப் பள்ளியில் படித்த அந்தப் பையன் அம்மியைப் பார்த்ததே இல்லை. படிவத்தை ஒழிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் நோயாளி சொன்ன ஒரு வாக்கியமாவது அவருடைய சொல்லிலேயே, அவருடைய வட்டார வழக்கிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். அந்த வாக்கியத்தை இன்னொரு கேஸ் ஷீட்டிலிருந்து எடுத்தெழுத முடியாது என்பதால் மாணவர் கட்டிலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

‘ஒத்துழைக்கவில்லை’ என்ற சொல்லையும் வார்டிலிருந்து விலக்கிவையுங்கள். பேசாத நோயாளியைப் பரிசோதிக்க அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் கிர்பி 1921இலேயே ஒரு முறையை வகுத்துத் தந்துவிட்டார். அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்களே தவிர யாரும் கட்டிலருகே செய்வதில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மூன்று நாளாகப் படுத்திருந்த ஒரு நோயாளியைப் பற்றி அந்த ஒற்றைச் சொல்லே மூன்று நாளும் எழுதப்பட்டிருந்தது. நான் மாணவரை அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தேன். கண் திறந்திருக்கிறதா, இமை துடிக்கிறதா, எச்சிலை விழுங்குகிறாரா, சிறுநீர் போயிருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னேன். பிறகு கையை மெல்லத் தூக்கி விடச் சொன்னேன். விட்ட கை விட்ட இடத்திலேயே காற்றில் நின்றது. மாணவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கேட்டடோனியா: உடலும் பேச்சும் உறைந்துபோகும் நிலை. அமைதியூட்டும் லோராசெபம் 2 மி.கி. ரத்த நாளம் வழியாகக் கொடுத்தோம். கால்மணி நேரம் கழித்து, மூன்று நாள் பேசாதிருந்த அந்த மனிதர், “தண்ணி குடுங்க” என்றார். கேட்டடோனியாவை அளக்கப் பயன்படும் புஷ்–பிரான்சிஸ் அளவுகோலில் 23 கூறுகள் உண்டு. அவற்றில் முதல் 14ஐ வைத்துச் சலித்தெடுக்கலாம். அந்த மாணவருக்கு அதன்பின் அதை யாரும் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உடலைப் பார்ப்பது பற்றி என் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் முதலாண்டு மாணவனாக இரவுப் பணியில் இருந்தபோது, மனச்சோர்வு என்று சேர்க்கப்பட்டிருந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் மூன்றாம் இரவு படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொண்டு கைகளை இப்படியும் அப்படியுமாக வீசிக்கொண்டிருந்தார். வியர்த்துக் கொட்டியது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பினார், அடுத்த நொடி வேறெங்கோ போய்விட்டார். மனநோய் முற்றிவிட்டதாக முடிவுகட்டி, ‘நோக்கமற்ற அசைவுகள்’ என்று எழுதி, மனநோயைத் தணிக்கும் ஹாலோபெரிடால் ஊசியும் எழுதினேன். நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்த ஒரு செவிலியர், ஊசி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “டாக்டர், அவர் தறி நெய்யிறாரு. காலைப் பாருங்க, மிதிக்குது.” உண்மைதான். கை நாடாவை வீச, கால் தறியின் மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருந்தது. நாற்பதாண்டு நெசவாளி. தினமும் குடித்தவர். வார்டுக்கு வந்ததால் குடி நின்று மூன்று நாளாகியிருந்தது. குடியைத் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வரக்கூடிய டெலீரியம் என்ற மனக்குழப்ப நிலை அது. தொழில் சார்ந்த அசைவுகள் அதற்கு அடையாளமாகவே சொல்லப்படுபவை. அந்த ஊசியைப் போட்டு வலிப்பு வந்திருந்தால் நான் எழுதிய மருந்துக்கும் அதில் பங்கிருந்திருக்கும். தூக்கமூட்டும் பென்சோடையசெபைனும் தயமினும் கொடுத்து, விடியும்வரை நாடியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பிழைத்துக்கொண்டார். சேர்க்கையின்போது எத்தனை நாளாகக் குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்று யாருமே கேட்டிருக்கவில்லை.

அதனால் நாடித்துடிப்பு, வெப்பநிலை, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய நான்கையும் பார்க்காமல் ‘கிளர்ச்சி’ என்ற சொல்லை எழுதக் கூடாது என்பது என் யூனிட்டில் விதி. லித்தியம் மருந்து உடலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கான ரத்தத்தைக் கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும் என்பது எல்லா மாணவருக்கும் தெரியும். முந்தைய இரவு நோயாளி எப்போது மாத்திரை விழுங்கினார் என்று சிஸ்டரைக் கேட்பவர் சிலரே. குளோசபின் சாப்பிடுகிறவருக்கு வெள்ளையணு எண்ணிக்கையைத் தவறாமல் பார்ப்பவர்கள், அவர் மலம் கழித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். அந்த மருந்து தரும் மலச்சிக்கல் ஆளைக் கொன்றிருக்கிறது. உங்கள் மாணவர்கள் மருந்தளவு சொல்வதில் கெட்டிக்காரர்கள் என்பதை நம்புகிறேன். இந்தக் கேள்விகளையும் ரவுண்ட்ஸில் கேட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் மாணவர் கன்னத்தில் வாங்கிய அறைக்கு வருவோம். இம்மாதிரி நேரங்களில் நம் துறையில் மூத்தவர்கள் சொல்லும் வழக்கமான வாக்கியம் ஒன்று உண்டு: “நாங்கள் வாங்காத அடியா?” அதைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். அடி வாங்கியதைப் பதக்கம்போல் குத்திக்கொண்டு திரிந்த தலைமுறை எங்களுடையது. விளைவு, பயந்ததை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டவர்கள் நோயாளிகளுக்கு மருந்தைக் கூட்டி எழுதிப் பயத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். உங்கள் மாணவரிடம் முதலில் கேட்க வேண்டியது காயம் இருக்கிறதா, இரவு தூக்கம் வருகிறதா, அடுத்த ஓரிரு இரவுப் பணிகளை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதுதான். நடந்ததை ஆராய்வது அதற்கடுத்த நாள், குற்றம் சாட்டாமல், செவிலியரையும் வார்டுப் பணியாளரையும் உடன் வைத்துக்கொண்டு. நாற்காலி எங்கே இருந்தது? கதவுக்கும் மாணவருக்கும் நடுவில் யார் இருந்தார்? அவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாரா? அன்று காலை அந்த நோயாளிக்கு என்ன மறுக்கப்பட்டது? நான் பார்த்த பெரும்பாலான அடிகளுக்கு முன்னால் ஒரு மறுப்பு இருந்திருக்கிறது: பீடி, வீட்டுக்கு ஒரு போன், வெளியே போகும் அனுமதி. பெரும்பாலும் அந்த மறுப்பு சரியானதாகவும் இருந்திருக்கும். ஆனால் அதைச் சொன்ன விதம் சரியாக இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஊசி போட்டே தீர வேண்டிய சூழல்கள் வரத்தான் செய்யும். அதிலும் கற்பிக்க நிறைய இருக்கிறது. நம் ஊரிலேயே விளைந்த அறிவும் இருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் கொந்தளிப்போடு வந்த 200 பேரிடம் லோராசெபம் ஊசியையும், ஹாலோபெரிடாலும் புரோமெதசினும் சேர்ந்த ஊசியையும் ஒப்பிட்டு 2004இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. இரண்டுமே அமைதிப்படுத்தின, இரண்டாவது விரைவாக உறங்கவைத்தது. புரோமெதசின் ஏன் என்று மாணவரைக் கேளுங்கள். ஹாலோபெரிடாலைத் தனியே போட்ட இளைஞனுக்குக் கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு கண்கள் மேலே செருகிக்கொள்ளும்போது, பக்கத்தில் நிற்கும் தாய் பேய் பிடித்துவிட்டதென்று அலறுவார். அதன்பின் அவர் மகனை எந்த மாத்திரையையும் விழுங்க விடமாட்டார். ஊசி போட்டபின் நோயாளியின் மூச்சையும் நாடியையும் அருகிலிருந்து பார்க்க வேண்டியது ஊசியை எழுதிய அதே மாணவர்தான். அந்தப் பணியைச் செவிலியரிடம் தள்ளிவிட்டு அறைக்குப் போக விடாதீர்கள். நோயாளி கண் விழித்தபின், என்ன நடந்தது, ஏன் போட்டோம் என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியவரும் அவரே.

நோயாளியைக் கட்டிப்போடுவதைப் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவின்படி, உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீளாமல், காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதித்தான் கட்டலாம். ஆள் பற்றாக்குறையைக் காரணமாகக் காட்ட முடியாது. சங்கிலியை 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் அனுமதிக்கவில்லை. இன்று முதலாண்டில் சேர்கிறவர்களில் பலர் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்ததைச் செய்தியாகக்கூட அறியாதவர்கள். மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். சட்டப் பிரிவுகளை ஒப்பிப்பதற்கு முன் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி அது.

அதே சட்டத்தின் 89ஆம் பிரிவு, அதாவது தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை அவருடைய பிரதிநிதி கேட்டுச் சேர்க்கும் ‘ஆதரவுடன் கூடிய சேர்க்கை’, உங்கள் வார்டில் அன்றாட வேலையாக இருக்கும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும். அதிகபட்சம் 30 நாள். மனநல மறுஆய்வு வாரியத்துக்கு ஏழு நாளுக்குள், பெண்ணாக இருந்தால் மூன்று நாளுக்குள், தெரிவிக்க வேண்டும். அந்த இரண்டாவது கையெழுத்து பல இடங்களில் பட்டமேற்படிப்பு மாணவர் தலையில் விழுகிறது. அவரும் சீஃப் எழுதியதைப் பார்த்து எழுதி நீட்டிவிடுகிறார். ‘தனித்தனியே’ என்ற சொல்லுக்கு அங்கே உயிரே இல்லாமல் போகிறது. நீங்கள் எழுதுவதற்கு முன் மாணவரை எழுதச் சொல்லுங்கள். முடிவு வேறுபட்டால் அன்றைய பாடம் அதுவே. நோயாளி தானாக முடிவெடுக்கும் திறனோடு இருக்கிறாரா என்று ஏழு நாளுக்கொருமுறை பார்க்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதை ஒரு முத்திரையாக ஆக்கிவிடாமல், “இந்த மாத்திரை எதுக்குன்னு உங்களுக்குச் சொல்லியிருக்கேன். வேண்டாம்னா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?” என்று மாணவர் கேட்பதை நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

ரவுண்ட்ஸை மாற்றத்தான் வேண்டும். 32 பேருக்கு 90 நிமிடம் என்றால் ஆளுக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. அந்த மூன்று நிமிடமும் வெள்ளைக் கோட்டுகள் அரைவட்டமாகச் சூழ்ந்து நிற்க, “ராத்திரி தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களா” என்பதோடு தீர்ந்துவிடுகிறது. முதல் இருபது நிமிடம் செவிலியர் அறையில் உட்கார்ந்து 32 பேரையும் பேசி முடியுங்கள், இரவுப் பணிச் செவிலியர் முதலில் பேசட்டும். அதன் பிறகு, அன்று முடிவெடுக்க வேண்டிய ஐந்தாறு பேரை மட்டும் நீங்கள் போய்ப் பாருங்கள், உடன் ஒரு மாணவரும் ஒரு செவிலியரும் போதும். மற்றவர்களை அவரவர் மாணவர் பார்த்துவிட்டு வரட்டும். நிர்வாகத்தில் யாராவது முகம் சுளிக்கலாம். நீண்ட ஊர்வலம்தான் ரவுண்ட்ஸ் என்று நம்புகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.

தற்கொலை பற்றி மாணவர்கள் கேட்கும் கேள்வியையும் மூன்றாவது நாற்காலியிலிருந்து தவறாமல் கவனியுங்கள். “அந்த மாதிரி எண்ணமெல்லாம் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்பார்கள். இல்லை என்ற பதிலை நோயாளியின் வாயில் ஊட்டிவிடும் கேள்வி இது. “செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?” என்று நேராகக் கேட்பதால் எண்ணம் முளைத்துவிடாது, கேட்டதே ஆறுதலாக இருந்தது என்று சொன்ன நோயாளிகள் பலர். பணி மாறும்போது யார் மேல் கண் வைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுப்பதோடு நில்லாமல், வாயாலும் சொல்லிவிட்டுப் போகப் பழக்குங்கள். டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள் ஆபத்து மிகுந்தவை என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். இவ்வளவு செய்தும் ஒரு நாள் ஒரு நோயாளி போய்ச் சேரலாம். அன்று மாணவரிடம் கேஸ் ஷீட்டைக் கேட்பதற்கு முன் அவரை உட்காரவையுங்கள். குடும்பத்தாரிடம் செய்தி சொல்ல அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்கள் போங்கள், அவர் உடன் வரட்டும்.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவதில் நமக்கு ஒரு மரபே இருக்கிறது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூரிலும் உறவினர் உடனிருந்து கவனிக்கும் முறை அந்தக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆனால் நம் மாணவர்கள் உடனிருப்பவரை வரலாறு கேட்கவும் மருந்து வாங்கிவரவுமே பயன்படுத்துகிறார்கள். மாணவர்களும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தாம். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற சொல்லைக் கேலியாகப் பேசும் நகைச்சுவைகளைக் கேட்டுச் சிரித்து வளர்ந்தவர்கள். அந்தக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், பின்னர் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். வார்டில் தேறியவர் வெளியே போய் எங்கே இருப்பார், என்ன வேலை செய்வார் என்ற கேள்விக்கு வார்டுக்குள் விடை இல்லை. உங்கள் மாணவர்கள் மாவட்டப் பணிக்காக மூன்று மாதம் வெளியே போக வேண்டியிருக்கிறதல்லவா? அதைப் பெரும்பாலோர் ஆய்வேடு எழுதக் கிடைத்த ஓய்வாகக் கருதுகிறார்கள். உங்கள் வார்டிலிருந்து அந்த மாவட்டத்துக்குப் போன இரண்டு நோயாளிகளின் விவரத்தைக் கொடுத்து, மாவட்ட மனநலத் திட்ட முகாமுக்கு அவர்கள் வருகிறார்களா, மருந்து கிடைக்கிறதா, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்டு வரச் சொல்லுங்கள். தான் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு ஒரு வீட்டில் என்ன ஆயிற்று என்று பார்த்து வந்தவர், அடுத்த சீட்டை வேறு விதமாக எழுதுவார்.

அறைந்த அந்த நோயாளி இன்னும் வார்டில் இருக்கிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அவர் தணிந்திருக்கும் ஒரு பிற்பகலில், அந்த முதலாண்டு மாணவர் சம்மதித்தால் மட்டும், உங்கள் முதல் நாற்பது நிமிடத்தை அந்தக் கட்டிலருகே வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியைக் கதவுப் பக்கம் போடுங்கள். கேஸ் ஷீட் மேசையிலேயே இருக்கட்டும். “அன்னைக்கு என்ன ஆச்சு?” என்று மாணவர் தொடங்கட்டும்.